எந்த டப்பாவில் கேட்கிறதோ அது

என்னங்க,

நான் ஆபீஸுக்குக் கெஞ்சப் போறேன். டாக்டருங்க பேசி அனுப்பறதைக் கேட்டு டைப் அடிக்கிறவ, காதுல விழலேன்னு பாதி இடத்தைக் காலியா விட்டு அனுப்பினா யாரு வேலை குடுப்பா? இன்னிக்குள்ள சரி பண்ணலேன்னா வேற ஆள் பாத்துக்குவாங்களாம்.

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். எம்மேல இருக்கற கோவத்தை அதுமேல காட்டாதீங்க.

மத்தியானம் கடைக்காரர், கம்ப்யூட்டர் சத்தத்தை இரைச்சலில்லாம ஹெட்போனுக்குக் குடுக்கற ஆடியோ கன்வெர்ட்டர் டப்பா ரெண்டு தினுசு கொண்டு வருவார். ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல செருகி, ஹெட்போனை அந்த டப்பாவுல மாட்டிப் பாருங்க. இப்ப மவுஸை நகத்தினாலே காதுக்குள்ள கரகரங்குதே, அது போகணும், அவ்வளவுதான். இந்த டப்பாவைப் பத்தி நீங்க மாசக்கணக்கா படிச்சுக்கிட்டிருக்கற பெரிய பெரிய கிலோஹெர்ட்ஸ் நம்பரெல்லாம் வேண்டாம். வௌவாலுக்குக் கேக்கறது நமக்கெதுக்கு? ரெண்டும் சரியா இருந்தா விலை கம்மியானதை எடுத்துக்குங்க.

பி.கு.: "ஊரான் பேச்சையெல்லாம் காது குடுத்துக் கேக்கற, நான் பேசினா கதவைச் சாத்தற"ன்னீங்க நேத்து. சாத்தினேன்தான். உள்ள உக்காந்து, உங்ககிட்ட சொல்லவேண்டியதை, வெளியில கேக்காத மாதிரி மெதுவா பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணி, கம்ப்யூட்டர்ல 'உங்களுக்கு'ன்னு போட்டு வெச்சிருக்கேன். இப்ப கேட்டா இரைச்சல் முழுங்கிடும். எந்த டப்பாவுல கடைசி வரைக்கும் கேக்குதோ அதை வாங்குங்க. கடைக்காரர் முன்னாடி ஸ்பீக்கர்ல போட்டுத் தொலைக்காதீங்க.

ரெண்டுலயும் கேக்கலேன்னா அவரை அனுப்பிட்டு, நான் திரும்பி வர்ற நேரத்துக்கு பஸ் ஸ்டாப்புக்கு வாங்க. நேர்லயே சொல்லிடறேன்.