நுங்கில் எதையும் கலக்க முடியாது

மே 15, வியாழன்

அண்ணன் சனிக்கிழமை எங்களையெல்லாம் வெளியே கூட்டிப் போகிறானாம். பழையசீவரம் மலை ஏறி இறங்கி, பாலாற்றைத் தாண்டி, திருமுக்கூடலில் ஆற்று மணலில் சாப்பாடு. ஞாயிறு சர்ச் முடிந்ததும் பம்ப்செட் குளியல், சாயங்காலம் ஏரிக்கரை. அதுவும் அக்னி நட்சத்திரத்தில்! போன கல்யாண நாளுக்கு அண்ணியை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரை கூட்டிப்போய், கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, அப்படியே திருப்பிக் கொண்டுவந்து விட்ட ஆல்வின் இவன். இதில் ஏதோ இருக்கிறது.

"இன்னாத்துக்குண்ணா திடீர்னு?" என்றேன்.

"சும்மா தான். ஃபேமிலி டூர்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அம்மா வைத்த கத்தரிக்காய்க் குழம்பை முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிட்டேன். போன மாதம் கருவாட்டுத் தூளைப் போட்டுவிட்டு, "வாசனைக்கு ஒரு சிட்டிகை, அது கணக்கா?" என்றவள். ஒரு வருஷம் ஆகப்போகிறது. கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எல்லாம் விட்டாயிற்று. இதற்கு வீகன் என்று பேர் இருப்பதே பிறகு போனில் பார்த்துத்தான் தெரியும். அம்மாவிடம் சொன்னதற்கு, "எந்த டாக்டர் சொன்னாரு?" என்றாள். ஏன் விட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

மே 16, வெள்ளி

இப்போது புரிகிறது.

காலையில் என் டிபன் பாக்ஸ் மூடி திருப்பிப் போட்டிருந்தது. யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். சார்ஜரில் போட்ட போன் குப்புறக் கிடந்தது. நான் எப்போதும் நிமிர்த்தித்தான் வைப்பேன். தலை வாரும்போது அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். ஏஞ்சல் அண்ணிக்கு நடிக்க வராது, பாவம்.

"உங்க லேப்ல யாரு யாரு வேலை செய்றாங்க?"

"நான், வினோத்குமார் சார், ஓனர்."

"அவரு எந்த ஊரு?"

"திருமுக்கூடல்."

"நெத்தில துன்னூறு வெச்சிக்கினு பைக்ல போவாரே, அவரா? அவங்க வூட்டுல சுத்த சைவமா?"

வாரிய சீப்பு அப்படியே நின்றுவிட்டது. இதுதானா விஷயம்! காலனியில் ஒரு பெண் கறியை விட்டுவிட்டால் ஏதோ சைவக்காரப் பையன் பின்னால் இருக்கிறான் என்று அர்த்தம். திருநீறு பூசினவன் பக்கத்து மேசையில் ரத்தம் எடுக்கிறான், அவன் கொடுத்த வேர்க்கடலையை இவள் ஒரு நாள் வாங்கித் தின்றாள். அப்புறம் என்ன, முடிந்தது கதை.

அண்ணன் மேல் கொதிக்கிறது. ஆனால் அவனுக்கு இருப்பது பயம், அதுவும் எனக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்னால் அவன் சிநேகிதன் காலனியைத் தாண்டி ஊர்த்தெருப் பெண்ணைக் கல்யாணம் பண்ணினபோது யார் வீட்டு ஓடு உடைந்தது, யார் வீட்டு ஓடு உடையவில்லை என்று எல்லோரும் பார்த்தோம். அப்படிப் பயந்தால் நேராக வந்து கேட்க வேண்டியதுதானே?

கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். வினோத்குமார் சாருக்குக் கல்யாணமாகி இரட்டைப் பெண் குழந்தைகள். சனிக்கிழமை லீவு என்றால் ஆற்று மடுவில் தூண்டில் போட்டு மீன் பிடித்து அங்கேயே வறுத்துத் தின்கிற ஆள். திங்கட்கிழமை அந்த மீன் கதையைக் கேட்டே எனக்குக் காது புளித்துவிட்டது.

சொல்ல மாட்டேன். திருட்டுத்தனமாக டிபன் பாக்ஸைத் திறந்தவர்கள் திருமுக்கூடல் வரை வெயிலில் போய்த் தெரிந்துகொள்ளட்டும்.

மே 17, சனி

அம்மா வரவில்லை. மாடு சினை, விட்டு வர முடியாது. அண்ணன் பைக்கில் அண்ணி, என் ஸ்கூட்டியில் நைனா. என் சாப்பாட்டை நானே கட்டினேன். புளிசோறு, வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சை ஊறுகாய். பையை யார் கையிலும் கொடுக்கவில்லை.

ஏழு மணிக்கே மலை சுடத் தொடங்கிவிட்டது. பாதிப் படியில் அண்ணி உட்கார்ந்துவிட்டாள். நான் மேலே போனேன். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தான். மேலே யாராவது எனக்காகக் காத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான். இரண்டு குரங்குகள் இருந்தன. அவன் கோயில் வாசலில் செருப்பையும் கழற்றாமல் உள்ளேயும் போகாமல் நின்றுகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் பாலாற்றைப் பார்த்தேன். மணல் வெள்ளையாகப் படுத்திருந்தது, நடுவில் கயிறு மாதிரி கொஞ்சம் தண்ணீர். காற்று நன்றாக இருந்தது. கோபமாக இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, எழுதித்தான் ஆகவேண்டும்.

இறங்கின இடத்தில் நுங்கு. நாலு சாப்பிட்டேன். கோடையில் எனக்குப் பிடித்தது இதுதான், நுங்கில் யாரும் எதையும் கலக்க முடியாது. நைனா தனக்கு வெட்டிக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளிப் போய் மரத்தடியில் தின்றார். அப்போது அதை நான் கவனித்தேன், யோசிக்கவில்லை.

பாலம் தாண்டி மணலில் இறங்கினதும் அண்ணன், "அவரு வூடு எங்க கீது? தண்ணி வாங்கிக்கலாமே" என்றான்.

"யாரு வூடு?"

"அதான்... உங்க லேப் சாரு."

"வூட்டுக்கு எதுக்குப் போவணும்? அதோ இருக்காரே" என்று கையைக் காட்டினேன்.

மடு ஓரம் மூன்று கல் அடுப்பு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வினோத்குமார் சார் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் கெண்டை மீன், சட்டியில் எண்ணெய் பொரிகிறது. பக்கத்தில் அவர் மனைவி மீனுக்கு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு பெண் குழந்தைகள் மணலில் புரண்டுகொண்டிருந்தன.

"அட, பிரிஸ்கில்லா! வாங்க வாங்க. ரெண்டு துண்டு சாப்பிடுங்க ப்ரதர். இவங்க தான் ஒண்ணுமே துன்ன மாட்டாங்க, லேப்ல இவங்களால எங்களுக்கு ஒரே பேஜாரு."

அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் மூன்று துண்டு வாங்கித் தின்றான் அண்ணன், ருசி என்று வேறு சொன்னான். நான் புளிசோற்றைப் பிரித்து ராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பும்போது பாலத்தில் ஸ்கூட்டியின் பின்னாலிருந்து நைனா முதல் தடவையாகப் பேசினார்.

"பையன்னு ஒருத்தன் இருந்திருந்தா பரவால்ல பிரிசி."

"இன்னா நைனா?"

"அதுக்காவ நீ கறிய விட்டுட்டன்னு நினைச்சிக்கலாம். இப்ப பையனும் இல்ல. அப்ப எங்களைத்தான் புடிக்கல."

ஹெல்மெட் போட்டிருந்தேன், கேட்காத மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தேன். ஏன் சொல்லவில்லை? வாய் இருந்ததே, ஏன் சொல்லல?

மே 18, ஞாயிறு

சர்ச்சில் போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணியதில் ஒரு வரி மனதில் நிற்கவில்லை. நைனாவின் பிடரியையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பம்ப்செட் ஊர்த்தெருத் தாண்டவராயன் அவர்களுடையது. நைனா தண்ணீர் பாய்ச்சுகிற கழனி. தாண்டவராயன் ஊரில் இல்லாத ஞாயிறாகப் பார்த்துத்தான் போவோம். தொட்டியில் இறங்கினதும் தண்ணீர் முதுகில் அறைந்தது, அண்ணியும் நானும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். பிறகு அவள் தலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"டிபன் பாக்ஸ தொறந்தது நான் தான். தப்பு தான். ஆனா ஒண்ணு கேக்கறேன், மாமா ஈஸ்டர்லருந்து உன்னாண்ட உக்காந்து துன்றது இல்ல, பாத்தியா?"

பார்க்கவில்லை. முகர்ந்து முகர்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், பக்கத்துத் தட்டு எப்போது நகர்ந்தது என்று பார்க்கவே இல்லை.

"இன்னாத்துக்காம்?"

"'அதுக்கு எங்க நாத்தம் ஆவல, படிச்சிடிச்சி'ன்னாரு. யாராண்டயும் சொல்லாதன்னாரு."

வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மாட்டுக்கறி. அதை இந்தத் தெருவில் மறைத்துச் சமைத்த காலமெல்லாம் நைனாவுக்குத் தெரியும். நைனா சட்டியோடு பின்பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

சாயங்காலம் ஏரிக்கரையில் அண்ணனும் அண்ணியும் முன்னால் போகட்டும் என்று விட்டுவிட்டு நைனாவோடு பின்தங்கினேன். மதகுக் கல்லில் உட்கார்ந்தோம். ஏரியில் முக்கால்வாசி வெடித்த மண்தான்.

"நைனா, போன வருஷம் கன்னுக்குட்டி செத்துச்சே."



இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன். போன வருஷம் மாடு ஈன்று ஒன்பதாம் நாள் கன்று செத்தது. கன்று இல்லாமல் மாடு பால் இறக்கவில்லை. அம்மா கேட்டாள் என்று நைனா அதன் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, வைக்கோல் திணித்து, நாலு குச்சியைக் காலாக வைத்து ஒரு கன்று செய்தார். அம்மா கறப்பாள். அதை மாட்டின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை என்னுடையது. மாடு அதை நக்கும். நக்கிக்கொண்டே பால் விடும். காலையும் சாயங்காலமும் இரண்டு மாதம் பிடித்தேன். ஒரு நாள் தையல் விட்டு வைக்கோல் வெளியே வந்தது. மாடு அந்த வைக்கோலைத் தின்றது. தின்றுவிட்டு மறுபடியும் நக்கியது. அன்றைக்கு டீ குடிக்க முடியவில்லை. அப்புறம் எதுவுமே முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். பையனும் இல்லை, படிப்பும் இல்லை.

நைனாவிடம் இதைத்தான் சொன்னேன், அழுதுகொண்டே, கோர்வையில்லாமல்.

"அத செஞ்சவன் நானு" என்றார்.

"புடிச்சிக்கினு நின்னது நானு, நைனா. மாட்ட ஏமாத்தினது நானு. உங்க மேல எனக்கு எதுவும் இல்ல."

"ஊருல மாடு செத்தா எங்கள தான் கூப்புடுவாங்க. பதினஞ்சு வயசுல, இனிமே உரிக்க மாட்டேன்னு கத்திய கெணத்துல போட்டுட்டு வந்தவன் நானு. அதுக்கு அடியும் வாங்கனேன். உங்கம்மா அழுதான்னு போன வருசம் திரும்ப கத்தி எடுத்தேன். ரெண்டு நாளு கைய கழுவிக்கினே இருந்தேன். நீ தட்ட மோந்து பாக்க சொல்லோ, என் கைய தான் மோந்து பாக்கறன்னு நினைச்சிக்கினேன்."

ஐயோ. ஒரு வருஷமாக இந்த வீட்டில் எல்லோரும் என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வேளையும் அந்த மனுஷன் கண் முன்னால் தட்டை முகர்ந்தவள் நான்.

முன்னாலிருந்து அண்ணன், "வர்றீங்களா இல்லியா?" என்று கத்தினான். எழுந்து போனோம்.

மே 19, திங்கள்

வினோத்குமார் சார் மீன் கதையை மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை அண்ணன் தின்றது எட்டுத் துண்டு.

மே 24, சனி

மாட்டுக் கொட்டாய்ப் பரணில் அந்த வைக்கோல் கன்று இல்லை. அம்மாவைக் கேட்டேன், "எனக்குத் தெரியாது" என்றாள், ரொம்ப வேகமாக. மண்வெட்டியில் ஈர மண் ஒட்டியிருந்தது. பின்னால் முருங்கை மரத்துப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஜூன் 5, வியாழன்

மாடு ஈன்றது. காளைக்கன்று. காளை என்றால் விற்றுவிடுவார்கள். தெருமுனையில் தரகர் பைக் மாதிரி ஒன்று நின்றது. அம்மா அந்தப் பக்கமாகப் போய்விட்டு வந்தாள். சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

கன்று இருக்கிறது. காலையில் அம்மா செம்பை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். வெறும் செம்போடு திரும்பி வந்து, "உங்க நைனா கன்ன அவுத்து வுட்டுட்டு உக்காந்துகினு கீறாரு. அது குடிச்சப்பறம் தான் நானாம். காளைய வித்தாலும் உழவுக்குத் தான் விப்பாராம்" என்று என்னைப் பார்த்து முறைத்தாள். இந்தக் காலத்தில் உழவுக்கு யார் வாங்குவார்கள்? யாரும் வாங்க மாட்டார்கள். அது நைனாவுக்குத் தெரியாதா?

மத்தியானம் வழக்கம்போலக் கறி. எனக்கு முருங்கைக்காய்க் குழம்பு. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நைனா தன் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணனும் அண்ணியும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

முகரக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் குனிந்தேன். பழக்கம், மூக்கு தானாகப் போய்விட்டது. நைனா பார்த்துவிட்டார்.

அவர் கையை நீட்டி, என் தட்டிலிருந்து ஒரு வாய் பிசைந்து எடுத்துத் தின்றார். மென்று பார்த்தார்.

"கருவாடு இல்ல. துன்னு" என்றார்.

அவர் விரல் பட்ட இடத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன். உப்பு கம்மிதான். அம்மாவிடம் சொல்லவில்லை.