அட்டை மூலையில் ஒரு சிவப்பு முடிச்சு

காலையிலிருந்து கையில் ஸ்பிரிட் வாசம். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் போகவில்லை. நீ இருந்த நாளில் உனக்கு இந்த வாசம் பிடிக்கும். கேமராவின் பழைய தோலை ஊறவைத்து, மூங்கில் சீவலால் ஓரத்தை மெல்லக் கிளப்பும்போது, "ஆஸ்பத்திரி வாசன டீ, ஆனா யாருக்கும் ஊசி கெடையாது" என்று சிரிப்பாய். எனக்கு இன்று அது ஆஸ்பத்திரி வாசமாக மட்டும்தான் இருக்கிறது.

இந்த வாரத்தில் மூன்று தோல்களை இடவலம் மாற்றி வெட்டிவிட்டேன். மூன்றையும் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். எழுபத்தாறு வயதில், என் சொந்த வீட்டில், திருடியைப் போல.

உனக்கு விளக்கத் தேவையில்லை. என்றாலும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கு நினைவிருக்கிறதா என்று. தோலை அதன் பின்பக்கத்தில்தான் வரைந்து வெட்டுகிறோம். அதனால் அளவு அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கேமராவின் பெயர் எழுதிய பக்கம் கீழே, வெற்றுப் பக்கம் மேலே. மறந்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறிவிடும். லீவருக்கான ஓட்டை வலப்பக்கம் போய் உட்காரும், லீவரோ இடப்பக்கம் நிற்கும். "எழுத்து தரையப் பாக்கணும், நாம வானத்தப் பாக்கணும்" என்பாய். என் கணவர் கேமராவின் உள்ளே இருப்பதைப் பழுது பார்ப்பார், வெளித்தோல் நம் இருவருடையது. அவர் போன பிறகும், பழைய கேமராக்களுக்குப் புதுத் தோல் போடச் சொல்லி வரும் பார்சல்கள் நிற்கவில்லை. ராணிப்பேட்டை ஆட்டுத்தோலும், நான் கான்வென்ட்டில் கற்ற தையலும், உன் கத்தியும். இந்த வாரத்துக்கு முன் நான் ஒருமுறைகூட அட்டையைக் கவிழ்க்க மறந்ததில்லை. நீ மறந்தாய். அதனால்தான் இந்தப் பயம்.

உனக்கு எல்லாம் அங்கேதான் தொடங்கியது. முதலில் ஒரு தோல். பிறகு ஒரே மாதத்தில் நான்கு. நான் என்ன செய்தேன்? கன்னியாஸ்திரீகள் எனக்குச் செய்ததைச் செய்தேன். கெட்டுப்போன துண்டுகளை உன் முன்னால் வரிசையாக வைத்து, "இதில் எது சரி, நீயே சொல்" என்றேன். நீ ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாய். "இன்னாடி இப்போ, தோல்தான கெட்டுது, குடியா முழுகிப்பூடுச்சு?" என்றாய். குரல் சிரித்தது. முகம் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் ஒரகடம் கூட்டுச்சாலையில் இறங்கி உன் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாய். உன் அப்பா கம்பு விதைத்த நிலத்தின் வழியாகத்தான் இப்போது கண்டெய்னர் லாரிகள் போகின்றன. யாருக்குமே அங்கே அடையாளம் தெரியாதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ இறப்பதற்கு முந்திய கடைசி வருடத்தில், என்னைப் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ என்று நினைத்து "சிஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தாய். ஒருநாள் நான் ஆரஞ்சு உரித்துக் கொடுக்கக் கையை நீட்டினேன். நீ உன் உள்ளங்கையை விரித்து நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டாய். "மெதுவா அடிங்க சிஸ்டர்" என்றாய். அறுபது வருடத் தோழி, என்னைப் பார்த்து நடுங்கினாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று மதியம் மூன்றாவது தோல் கெட்டபோது, கீழ்வீட்டுச் செல்வி மோட்டார் சாவி வாங்க மேலே வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆச்சி என்று கூப்பிடாதே என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டாள். மேசையில் கிடந்ததை எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சி, லீவரு இந்தப் பக்கம் நிக்கி, ஓட்டை அந்தப் பக்கம் கெடக்கு?"

"அது வேறொரு கேமராவுக்கு" என்றேன்.

"வேற கேமராவா? இந்த மேசையில ஒண்ணுதான இருக்கு." தோலை எடுத்து கேமராமேல் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். "எங்க லைன்ல இதுக்குன்னே ஒரு செவப்பு டப்பா இருக்கு. டெய்லி ஒண்ணாவது அதுல விழும். நீங்க மட்டும் என்ன, மெஷினா?"

"ஒன்று இல்லை" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. "இந்த வாரத்தில் மூன்று."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"பெங்களூர் அக்காட்ட சொல்லிட்டியளா?"

"என் மகளிடமா? சொன்னால் மறுநாளே வந்து வீட்டைப் பூட்டிவிடுவாள். என் கத்தியை எடுத்துக்கொண்டு, கையில் டிவி ரிமோட்டைக் கொடுத்துவிடுவாள்."

"சொல்லாட்டா?"

எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதில் நீ. ஆனால் அதை அவளிடம் சொல்ல முடியவில்லை. அளவு அட்டையைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.

அப்போதுதான் மூலையில் வெளிச்சம் தெரிந்தது. அருகருகே இரண்டு ஊசி ஓட்டைகள். பெட்டியிலிருந்த மற்ற அட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும், அதே மூலையில், அதே இரண்டு ஓட்டைகள்.

நூல் நினைவுக்கு வந்தது. நீ அந்த நான்கு தோல்களைக் கெடுப்பதற்கு முந்திய மழைக்காலம். பெட்டியைத் திறந்தால் ஒவ்வோர் அட்டையிலும் சிவப்பு நூலில் ஒரு தடித்த முடிச்சு, வெற்றுப் பக்கத்தில். "இது என்ன அலங்கோலம்? திருவிழாவா நடக்கிறது?" என்று கேட்டேன். "சும்மா கட்டுனேன் டீ, அழகா கீது இல்ல?" என்றாய். அட்டை சீராகப் படியாது, கோடு விலகும் என்று சொல்லி, உன் எதிரிலேயே ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். நீ என் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அழகுக்கா கட்டினாய்? முடிச்சு விரலில் தட்டுப்பட்டால் அட்டை சரியாகக் கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். படித்துப் பார்க்க வேண்டாம், நினைவில் வைக்கவும் வேண்டாம், தடவினால் போதும். உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லப் பயந்து, தனியாக உட்கார்ந்து அத்தனை அட்டைக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறாய். நான் அதை அறுத்தேன். அதன் பிறகுதான் அந்த நான்கு தோல்கள்.

செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடிக்காமல் போனை எடுத்தேன்.

"அம்மா? ஞாயித்துக்கிழமைதானே பேசுவ, இன்னிக்கு என்ன? புதன்கிழமையாச்சே?" என்றாள் என் மகள். நான் திரும்பி நாள்காட்டியைப் பார்த்தேன். புதன்தான். பார்க்காமல் எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தோல். தலையணை உறை. போன மாதம் பால் இரண்டு முறை தீய்ந்தது. உன்னைப் பற்றியும் சொன்னேன், முடிச்சைப் பற்றியும்.

"சனிக்கிழமை வரேன். டாக்டர்கிட்ட போலாம். எதையும் பூட்டி வைக்காத, எல்லாத்தையும் எனக்குக் காட்டு."

"வீடு?"

"அதை அப்புறம் பேசலாம்மா." அவள் குரல் என்னுடையதைப்போலவே இருந்தது. எதிராளிக்கு இடமே தராத குரல். அதைக் கேட்டதும் நீ எத்தனை வருடம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று புரிந்தது.

சனிக்கிழமை என்ன சொல்வார்கள் என்று தெரியாது. மூன்று தோல் வெறும் கண் கோளாறாகவும் இருக்கலாம் என்கிறாள் செல்வி. இருக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. மன்னிப்புக் கேட்டும் எனக்குப் பழக்கமில்லை, அது உனக்குத் தெரியும்.

செல்வி போன பிறகு தையல் பெட்டியைத் திறந்தேன். ஊசியில் நூல் கோக்க ஆறு முறை ஆயிற்று. உன் ஓட்டைகளிலேயே கோத்து, வெற்றுப் பக்கத்தில் முடிச்சுப் போட்டேன். புது ஓட்டை ஒன்றுகூடப் போடவில்லை. கீழே போய்க் கத்தரிக்கோலை செல்வியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நூலை அறுக்க நான் கேட்டு வந்தால் தரக்கூடாது, எவ்வளவு அதட்டினாலும் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "நீங்க அதட்டுனா யாரு தராம இருப்பா ஆச்சி?" என்று கேட்டாள். தரக்கூடாது என்றேன்.

பிறகு நான்காவது தோலை விரித்தேன். கத்தியை எடுப்பதற்கு முன் இடது கட்டைவிரல் தானாக அட்டையின் மூலைக்குப் போகிறது. முடிச்சு இருக்கிறது. இன்னொரு முறை தடவிப் பார்க்கிறேன். இருக்கிறது.