திரும்பிப் போன ஒரு வரி

பிப்ரவரி 6

காலையிலிருந்து போன் ஓயவில்லை. நம் சர்வரிலிருந்து போகும் எந்த மெயிலையும் வெளியே ஒரு பெரிய மெயில் நிறுவனம் வாங்க மறுக்கிறது. "உங்கள் பக்கமிருந்து ஸ்பேம் வருகிறது" என்று ஒரே பதில். மேலாளர் பல் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறார். போனில் வாயைத் திறக்க முடியாமல், "யாரோ ஒருத்தர்தான் இருப்பாங்க. கண்டுபுடிச்சு மூடிடு," என்றார்.

கண்டுபிடித்தேன். நேற்று மட்டும் ஒரே முகவரியிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் மெயில். எல்லாம் மாத்திரை விளம்பரம், பரிசுக் குலுக்கல். பெட்டி எங்கள் வாடிக்கையாளரான ஒரு மொழிபெயர்ப்பாளருடையது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்மணி. மூடினேன். இனி அந்த முகவரிக்கு எழுதுகிறவர்களுக்கு என்ன பதில் போகவேண்டும் என்று ஒரு கட்டம் கேட்டது. காலியாக விட்டிருக்கலாம். "இந்த முகவரி ஸ்பேம் அனுப்பியதால் மூடப்பட்டுள்ளது" என்று எழுதினேன்.

நாலு மணிக்குத் தடை நீங்கியது. கணக்குப் பிரிவு அக்கா என்னைப் பார்த்து, "வாங்க போலீஸ்காரம்மா," என்றார். பிடித்திருந்தது.

பிப்ரவரி 7

அம்மாவுக்கு விளக்கினேன். "ஸ்பேம்னா கூப்பிடாமலே வர்ற குப்பைம்மா. எத்தனை தடவ விரட்டினாலும் திரும்ப வரும்."

"உங்க சித்தப்பா மாதிரின்னு சொல்லு."

அப்பா உட்பட எல்லோரும் சிரித்தோம். பிறகு மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அம்மா சொல்வது கேட்டது: "எங்க வீட்டுல முதல் பட்டதாரி. கம்ப்யூட்டர்லயே திருடனப் புடிச்சிருக்கா." நான் திருத்தவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பெரிய கடைக்குப் போனோம். வாசல் காவலாளி ஒன்றும் கேட்கவில்லை. அம்மா தானாகவே பையை விரித்துக் காட்டினாள். எப்போதும் இப்படித்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் வேலை பார்த்த தையல் ஆலையில் ஒரு கத்தரி காணாமல் போய், அவள் பையைக் கொட்டித் தேடினார்கள். மறுநாள் கத்தரி மேஸ்திரியின் இழுப்பறையிலேயே கிடந்தது.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். கூட வந்தவள் மாதிரியே தெரியாமல்.

பிப்ரவரி 10

மொழிபெயர்ப்பாளர் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, நான் என்ன அனுப்பினேன்னு சொன்னீங்கன்னா நிறுத்திடுவேன். எனக்கு இந்த விஷயமெல்லாம் புரியாது. மன்னிச்சுக்கோங்க."

"பரிசீலிக்கிறோம் மேடம்."

"பதினோரு வருஷமா ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். ஸ்பேம் அனுப்புற முகவரிக்கு நோயாளிங்க பேப்பர அனுப்ப முடியாதுன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஆளப் போட்டுடுவாங்களாம். தெரியாம ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சுடுங்கம்மா."

போனை வைத்துவிட்டு, அவர் பெட்டியைப் பற்றி சர்வரில் இருக்கும் முழுப் பதிவையும் முதல்முறையாகப் படித்தேன். அன்று எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அந்த மெயில்கள் அவருடையவை அல்ல. யார் யாரோ அவருக்கு அனுப்பியவை. அவர் பெட்டிக்கு வருவதெல்லாம் அவர் போனில் இருக்கும் இன்னொரு பெட்டிக்கு ஃபார்வர்ட் ஆகிறது. அப்படிப் போகும்போது அனுப்புநர் இடத்தில் அவர் முகவரியைப் போடுவது நம் சர்வர்தான். குப்பை கொட்டப்பட்ட வீட்டுக்காரியைக் குப்பை கொட்டியவள் என்று எழுதிவிட்டேன்.

அந்த ஃபார்வர்டை வைத்தது யார் என்றும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். போன ஜூன். போனில் கேட்டிருக்கிறார், நாம் வைத்துக் கொடுத்திருக்கிறோம். "ஸ்பேமை நீக்கிய பிறகே அனுப்பு" என்ற கட்டத்தில் டிக் இல்லை. கீழே இரண்டு எழுத்து, என் பெயரின் சுருக்கம். வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள்.

பிப்ரவரி 11

மேலாளர் வந்துவிட்டார். கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. அது ஃபார்வர்ட் என்பதை மட்டும் சொன்னேன்.

"யார் வெச்சது?"

"அவங்களே வெச்சிருப்பாங்க சார்."

இருப்பாங்க! பொய் சொல்லும்போதுகூடத் தப்பிக்க ஒரு ஓட்டை.

"ஃபார்வர்ட எடுத்துட்டுப் பெட்டியத் திறந்துடு. கோளாறுன்னு சொல்லிக்கோ."

அப்படியே செய்தேன். மொழிபெயர்ப்பாளரிடம் அப்படியே சொன்னேன். "ரொம்ப நன்றிம்மா, என்னால உங்களுக்கு எவ்வளவு சிரமம்," என்றார். தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமலே திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 12

பெட்டி திறந்தாகிவிட்டது. ஸ்பேம் அனுப்பியதாக நான் எழுதிய வரி? அது இந்த ஐந்து நாளில் யார் யாருக்குப் போனது என்று எண்ணினேன். முப்பத்தேழு பேர். ஆஸ்பத்திரி, இரண்டு வக்கீல்கள், ஒரு நூலகம், அவர் மகளாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றும் ஒரு முகவரி. எல்லோரும் இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கத்தரி கிடைச்சதும் மேஸ்திரி என்னம்மா சொன்னாரு?"

"மனசுல வெச்சுக்காதன்னாரு."

"எங்க வெச்சு?"

"அவரு ரூம்ல. கதவச் சாத்திட்டு."

"பையக் கொட்டினது?"

"அது கேட்ல. ஷிப்ட் விடுற நேரம்." ஒரு தலையணை உறையை உதறினாள். "எதுக்குடி இப்போ அது?"

நாளைக்கு வெள்ளி.

பிப்ரவரி 13

மேலாளர் வரும் முன்பே போய் உட்கார்ந்திருந்தேன். ஃபார்வர்ட் வைத்த பதிவைக் காட்டி, "கீழ இருக்கிற ரெண்டு எழுத்து என்னோடது சார்," என்றேன்.

"முந்தாநாள் கேட்டேனே?"

"பொய் சொன்னேன்."

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பதிவைப் படித்தார். முப்பத்தேழு பேருக்கும் எழுதவேண்டும் என்றேன். எழுதி வைத்திருந்ததை நீட்டினேன். முதல் வரியிலேயே விரல் நின்றது. "தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதியிருந்தேன்.

"நேர்ந்துடுச்சா? மழை மாதிரி தானா பேஞ்சதா?"

"தவறு செய்தேன்" என்று மாற்றினேன். "அவர் எந்த ஸ்பேமும் அனுப்பவில்லை" என்பதை மேலே கொண்டுவந்தேன். கீழே என் முழுப் பெயர். ஒன்பது நாற்பதுக்கு முப்பத்தேழும் போயின. இனி எந்தப் பெட்டியையும் நான் தனியாக மூடவோ ஸ்பேம் வடிகட்டியைத் தொடவோ கூடாது, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். சரிதான்.

பிறகு மொழிபெயர்ப்பாளருக்குப் போன். எல்லாம் சொன்னேன், பொய் உட்பட.

"அப்போ இத்தன நாளா நான் யார்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு இருந்தேன்? பண்ணின ஆள்கிட்டயேவா?"

"ஆமாம்மா."

வைத்துவிட்டார்.

பிப்ரவரி 14

கணக்குப் பிரிவு அக்காவிடம், இனி போலீஸ்காரம்மான்னு கூப்பிடாதீங்கக்கா என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கடை. அம்மா பையைத் திறந்தாள். பக்கத்திலேயே நின்றேன்.

பிப்ரவரி 18

மொழிபெயர்ப்பாளரின் மகள் என்று நான் நினைத்த முகவரியிலிருந்து ஒரு பதில்: "சரி." வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிடமிருந்து ஒன்றுமில்லை. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

பிப்ரவரி 20

மொழிபெயர்ப்பாளரிடமிருந்து மெயில், நேராக என் பெயருக்கு:

"ஆஸ்பத்திரி 13ஆம் தேதி மதியமே எனக்கு எழுதியிருக்கிறது. புதிய ஆளைப் போடவில்லை. அந்தக் கடிதத்தை உங்கள் சர்வர் ஸ்பேம் என்று ஒதுக்கி வைத்திருந்தது. இன்று தற்செயலாகத்தான் பார்த்தேன். உங்கள் வடிகட்டியை இன்றே சரிசெய்யுங்கள். செய்ததும் எனக்குத் தெரிவியுங்கள்."

மேலாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சரிசெய்து, தெரிவித்தேன்.

அந்த மெயிலை மறுபடி எடுத்துப் படித்தேன். போனில் அத்தனை முறை மன்னிப்புக் கேட்டவர்; மன்னிக்கவும் என்ற சொல் இதில் எங்கும் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.