மணலில் வைத்து மாமி சொன்னது

அன்பு மாமிக்கு,

நீங்கள் போன பிறகும் நம்முடைய இத்தாலியக் கிழவி, சிஞ்ஞோரா, உங்களைத்தான் தேடுகிறார். காலையில் கோப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாயில் வைக்கும் முன்னரே, “செலீனா எங்கே?” என்று கேட்கிறார். சந்தைக்குப் போயிருக்கிறார் என்று சொல்கிறேன். எத்தனை நாளைக்குத்தான் உங்களைச் சந்தையிலேயே வைத்திருப்பேன்?

இந்த வீட்டில் நாம் இருவரும் மாறி மாறி அவரைப் பராமரித்த காலம் முழுவதும், ஒரு கேள்வியை உங்களிடம் கேட்காமலே இருந்தேன். உங்கள் மகன் அன்ரன், என் கணவர், வன்னியில் கடைசிச் சண்டைக்குள் காணாமல் போனவர், உயிரோடு இருக்கிறார் என்று உண்மையிலேயே நம்பினீர்களா? இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த பிறகும் அவர் பிறந்தநாளுக்குப் பாயாசம் காய்ச்சினீர்கள். யாராவது எனக்கு மறுகலியாணம் பேச வாயெடுத்தால் எழுந்து போய்விடுவீர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பாலைவனத்துக்குப் போகும் எண்ணம் உங்கள் காதால்தான் வந்தது. பக்கத்தில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அதற்குள் ஓர் இரைச்சல். பல்லரோச் சந்தையில் மிளகாய்த்தூள் விற்கும் துனீசியாக்காரர், “எங்கள் டூஸ் பக்கம் வந்து பாலைவனத்தில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள், ஒரு சத்தம் இருக்காது” என்றார். அவருக்குத் தெரிந்த பெதூயின் நாடோடிக் குடும்பம் ஒன்று பயணிகளை அழைத்துப் போகிறதாம். நீங்கள் அதையே பிடித்துக்கொண்டீர்கள். சிஞ்ஞோராவை அவருடைய மகள் பகேரியாவிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போன கிழமையில், நாம் துனிஸ் கப்பலில் ஏறினோம்.

ஒட்டகம் எழும்பியபோது நீங்கள் “மாதாவே!” என்று கத்த, கயிற்றைப் பிடித்திருந்த அந்தப் பெதூயின் வீட்டு மகன் மன்சூர் பயந்துபோய் அதைத் திரும்பவும் இருத்திவிட்டான். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கூடாரத்தைக் கண்டதும் நின்றுவிட்டீர்கள். ஆட்டு மயிரில் நெய்து, கம்பளம் விரித்த நல்ல கூடாரம்தான்.

“நான் உதுக்குள்ளை வரமாட்டன், பிள்ளை. முகாமிலை தறப்பாளுக்குக் கீழை கிடந்தது காணும்.”

மன்சூருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுடைய தாய் ஸொஹ்ரா ஏனென்று கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு பாய்களை எடுத்துவந்தார். வெளியே மணலில் உங்களுக்கு ஒன்று, பக்கத்தில் தனக்கு ஒன்று விரித்தார்.

தணலை விலக்கி, சுடுமணலுக்குள் புதைத்துத்தான் ரொட்டி சுட்டார்கள். சாம்பலைத் தட்டி உங்களுக்குப் பிய்த்துத் தந்த ஸொஹ்ரா, நாம் பலெர்மோவிலிருந்து வந்தவர்கள் என்று மன்சூர் சொன்னதும் கைத்தொலைபேசியை எடுத்தார். அதில் ஓர் இளைஞனின் படம். அவருடைய கடைசி மகன். இத்தாலிக்கென்று படகேறியவன், பிறகு ஒரு சேதியும் இல்லை.

மன்சூர் இத்தாலிய மொழியில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “இவனை அங்கே எங்கேயாவது கண்டீர்களா என்று அம்மா கேட்கிறார்.”

சண்டை முடிந்து முகாம் வாசல்களில் அன்ரனின் படத்தை நீட்டி நீங்கள் எத்தனை பேரைக் கேட்டிருப்பீர்கள்! அன்றைக்கு வேறொரு தாய் உங்களிடம் நீட்டினார். வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தீர்கள்.

“தேடுறன் எண்டு சொல்லு, பிள்ளை.”

நான் சொன்னேன். மன்சூர் அந்தப் படத்தை என் தொலைபேசிக்கு அனுப்பினான். ஸொஹ்ரா உங்கள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

விடியும்போது அவர் ஆடுகளைப் பார்க்கப் போயிருந்தார். காது எப்படி என்று கேட்டேன்.

“முந்தியை விடக் கூட இரையுது” என்றீர்கள். பிறகு அவர் போன பக்கத்தைப் பார்த்தபடி, “அந்த மனிசியின்ரை பெடியன் உயிரோடை இல்லை, பிள்ளை.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ, மாமி.”

“என்ரை பெடியனும் இல்லை. எனக்கு எப்பவோ தெரியும். வாயாலை சொன்னால் நீ என்னை விட்டிட்டுப் போயிடுவாய் எண்டு பயந்து கிடந்தன். உன்ரை வயசை நான் திண்டிட்டன்.”

“நான் எங்கை போறது, மாமி?”

அன்றுதான் அன்ரனுக்காக நாம் இருவரும் சேர்ந்து அழுதோம். ஸொஹ்ரா திரும்பி வந்து பார்த்தார். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டார். “இதை அவவுக்குச் சொல்லிப்போடாதை” என்று முணுமுணுத்தீர்கள்.

இல்லை என்று நீங்களே சொன்ன ஸொஹ்ராவின் மகனை, பலெர்மோவுக்குத் திரும்பி வந்து ஏன் தேடினீர்கள்? பல்லரோவில், துறைமுகத்தில், சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பறிக்கும் பெடியன்களிடம் எல்லாம் அந்தப் படத்தைக் காட்டினீர்கள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். “தேடுறன் எண்டு சொல்லிப்போட்டன். தேடாமல் விட்டால் பொய்யெல்லோ?” என்றீர்கள். அந்த மாரியில் நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கோயிலில் பெயர் கேட்டார்கள். இரண்டு பெயர் கொடுத்தேன், மாமி. செலீனாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, அவர் மகன் அன்ரனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று பூசை வைத்த சுவாமி வாசித்தபோது, முன்னாலிருந்த மரவாங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் செய்தது சரியா?

போன கிழமை மன்சூர் தொலைபேசி எடுத்தான். நீங்கள் இல்லை என்றேன். “அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். பலெர்மோவில் ஒரு தாய் தேடுகிறார் என்று சொல்லிச் சொல்லித்தான் அவர் சாப்பிடுகிறார்” என்றான். அதற்குள் ஸொஹ்ரா தொலைபேசியை வாங்கிவிட்டார். “செலீனா? செலீனா?” என்று கேட்டார்.

எனக்கு அரபு தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. “ஓம், நான்தான். தேடுறன்” என்று, அன்றிரவு நீங்கள் சொன்ன சொல்லையே சொன்னேன். அந்தப் பக்கம் அவர் விம்முவது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தோடு சியாகுல்லிக்குப் போகிறேன், மாமி. உங்கள் பெயரில் நான் சொன்னதைப் பொய்யாக விடமாட்டேன். நீங்கள் இல்லை என்பதை ஒருநாள் டூஸுக்கு நேரே போய், ஸொஹ்ராவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வேன்.

உங்களை விட்டு எங்கும் போகாத மருமகள்,
ஜெசிந்தா