மேசையைத் தட்டிய சத்தம்

ராஜபாளையம்,
மார்கழி 4

அன்புள்ள அத்தானுக்கு,

ஆனந்தவல்லி எழுதுவது. நானும் பிள்ளைகளும் நலம். டெல்லியில் பனி கடுமை என்கிறார்கள். சால்வை இல்லாமல் வெளியே போகாதீர்கள். போனில் பேசினால் வக்கீல் பேச்சில் என்னை மடக்கிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

அந்தக் குவாரிச் சட்டம் நிறைவேறிய அன்று வெள்ளத்தாய் நம் வீட்டுக்கு வந்திருந்தாள். குவாரிக்காரர்கள் வளைத்த நிலத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை நீங்கள் வாதாடி மீட்டுக் கொடுத்தீர்களே, அவள்தான். அந்த வழக்கில் கிடைத்த பெயரால்தானே மாநிலங்களவைப் பதவியும் உங்களுக்கு வந்தது. அண்ணாச்சியை டிவியில் பார்க்க வேண்டும் என்று காராச்சேவுப் பொட்டலத்தோடு ஆலங்குளம் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

எந்த நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் குவாரிகளுக்கு எடுத்த நிலம் எடுத்ததுதான் என்று அமைச்சர் வாசித்தார். ஆங்கிலம், அவளுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. குரல் வாக்கெடுப்பு முடிந்ததும் காமிரா உங்கள் பக்கம் திரும்பியது. நீங்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"மதினி, அண்ணாச்சி எம்புட்டு வேகமாத் தட்டுதாவ! நமக்கு நல்லதுதான நடந்திருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேறு யார் வாயாலும் அவள் கேட்டுவிடக் கூடாதே என்று வெள்ளிக்கிழமை நானே அவள் ஊருக்குப் போனேன். கைக்கு வந்த நிலத்தில் கடலை போட்டிருக்கிறாள். வரப்பில் நின்றபடியே சொன்னேன். அவள் ஏசவில்லை, ஏசியிருந்தால் தேவலை. "கோர்ட்டு பெருசா, அண்ணாச்சி இருக்க சபை பெருசா மதினி?" என்றாள். இந்தத் தீர்ப்பை இனி எவனாலும் அசைக்க முடியாது என்று மேடைக்கு மேடை நீங்கள் பேசியதுதான் ஞாபகம் வந்தது. பிறகு, "கடலை பறிக்கிற வரைக்குமாவது விடுவாவளா?" என்றாள்.

கட்சிக் கொறடா உத்தரவு, மீறினால் பதவி போய்விடும் என்று அன்றைக்குப் போனில் சொன்னீர்கள். இருக்கட்டும். ஆதரிக்கச் சொன்னது கொறடா. மேசையைத் தட்டவும் அவரா சொன்னார்? நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசுகிறது. கடைத்தெருப் பக்கமே நான் போவதில்லை.

நேற்று அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, உங்கள் ஜூனியர் ஜெபினிடம் கூட்டிப்போனேன். அந்தச் சட்டமே செல்லாது என்று அதே உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றான். வாதாட யாரைப் பார்ப்போம் என்று கேட்டான். வெள்ளத்தாய் யோசிக்கவே இல்லை, உங்கள் பெயரைச் சொன்னாள். ஜெபின் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

கூட்டத்தொடர் முடிந்ததும் வாருங்கள். ஸ்டேஷனுக்கு மாலையோடு யாரும் வர வேண்டாம் என்று கட்சிக்காரர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். முதலில் நாம் இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போவோம். சரி என்றோ முடியாது என்றோ அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். அதன் பிறகு நம் வீட்டுக்கு வரலாம்.

தேக சுகத்தையும் நல்ல புத்தியையும் ஆண்டாள் உங்களுக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
ஆனந்தவல்லி