தரையா, தலையா

2022 பிப்ரவரி 3, வியாழன்

காலை 10.20. மேசையருகே உட்கார்ந்திருந்தபோது வீடு மெல்ல ஆடியது. ஏழெட்டு விநாடி. ஆட்டம் தெரிய ஜன்னல் சட்டத்தில் நான் கட்டித் தொங்கவிட்டிருக்கும் தூக்குக்குண்டு: கவனிக்கவில்லை. நிலநடுக்கச் செய்தி: ஏதுமில்லை. இந்த ஆண்டில் இது மூன்றாவது.

பக்கத்து வீட்டு ஜாஃபரிடம் கேட்டேன். "ஆடுச்சா? முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவன்லா சார். எனக்கு ஆட்டம் நின்னாத்தான் தெரியும்!"

பிப்ரவரி 8, செவ்வாய்

மகளிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அப்பா, அது எர்த்குவேக் இல்ல, உங்களுக்குத்தான் தலை சுத்துது. இருபத்தெட்டாம் தேதி டாக்டர் அப்பாய்ன்மென்ட் போட்டுட்டேன். ஏதாச்சும் இருந்தா எங்களோட கிளமெண்டி வீட்டுக்கு வந்துடணும். தனியா விடமாட்டேன்" என்றாள் யாமினி.

முப்பத்தோரு ஆண்டு புவியியல் கற்பித்தவன் நான். சுமத்ரா நெடுக ஓடும் அந்தப் பிளவுக்கோட்டைக் கரும்பலகையில் எத்தனை முறை இழுத்திருப்பேன். நிலநடுக்கம் அருகே நடந்தால் வெடுக்கென்று குலுக்கும். நாம் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். வேகமான அலைகள் வழியிலேயே அடங்கிவிடும், மெதுவானவை மட்டும் வந்து உயரமான கட்டடங்களை ஆட்டும். ஊஞ்சல் மாதிரி.

தலைசுற்றலும் அப்படித்தான் வருமோ?

பிப்ரவரி 17, வியாழன்

காலை 7.05. மறுபடியும். சுவரைப் பிடித்துக்கொண்டேன். தூக்குக்குண்டு: கவனிக்கவில்லை. யாமினியிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

2007 மார்ச் ஆறு. முற்பகல். இதே பன்னிரண்டாம் மாடி. ரஞ்சிதம் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். தரை அசைந்ததும் நான் கதவருகே போய்விட்டேன். அவளோ, "அடுப்ப அணைச்சுட்டு வரேன், நீங்க போங்க" என்றாள். போய்விட்டேன். பனியனோடு, பன்னிரண்டு மாடியும் படியிறங்கி. அவள் என் சட்டையை எடுத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். "போடுங்க. உங்க ஸ்டூடன்ட்ஸ் யாராச்சும் பாக்கப் போறாங்க."

பஃபலோ ரோடு முழுக்க எங்களைப்போல் இறங்கி வந்தவர்கள். தேக்கா சந்தையில் தேநீர் வாங்கிக் குடித்தோம். மதியம் இன்னொரு முறை ஆடியதாம். தரையில் நின்ற எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலிருந்து ஓடிவந்தவர்கள் சொன்னார்கள். "நாம மேல இருந்திருந்தா இப்ப ரெண்டாவது தடவையும் ஓடியிருப்பீங்க" என்று சிரித்தாள். அன்று அவள் சிரித்ததுபோல் பின்னர் சிரித்தாளா என்று நினைவில்லை. அவள் போய் மூன்று ஆண்டு ஆகிறது.

பிப்ரவரி 25, வெள்ளி

காலை 9.40. ஆடியது. தூக்குக்குண்டும் ஆடியது! மின்விசிறியை நிறுத்தினேன், அப்போதும் ஆடியது. ஜாஃபர் கதவைத் தட்டினார். "சார், நெசமாவே ஆடுது சார்! நீங்க சொன்னப்பல்லாம் சிரிச்சேனே, சாரி லா." சுமத்ராவில் 6.1. பாவம், அங்கே வீடுகள் விழுந்திருக்கின்றன. நானோ இங்கே மகிழ்ந்துகொண்டிருக்கிறேன். சீ.

யாமினி கூப்பிட்டாள். "நீங்க சொன்னதுதான்பா ரைட்டு. அப்பாய்ன்மென்ட்ட கேன்சல் பண்ணிடவா?"

சரி என்றேன்.

பிப்ரவரி 26, சனி

குறிப்புகளைத் திரும்பப் படித்தேன். முந்தைய நான்கு முறையும் 'கவனிக்கவில்லை'.

கவனிச்சேன். நாலு தடவையும் பாத்தேன். குண்டு அசையவே இல்ல. எதுக்கு அப்படி எழுதினேன்? யார் படிக்கப்போறாங்கன்னு?

தரை ஆடினால் ரஞ்சிதம் அடுப்படியில் இருக்கிறாள். தலை சுற்றினால் யாருமில்லை. அவ்வளவுதான்.

யாமினிக்கு நானே போன் செய்தேன். "கேன்சல் பண்ணாதம்மா."

"ஏன்பா? அதான் நிஜமாவே ஆடுச்சே?"

"நேத்து மட்டுந்தான்மா தரை. மத்ததெல்லாம் நான்."



ஏப்ரல் 6, புதன்

கிளமெண்டி. மூன்றாம் மாடி.

காலை 9.15. தலை சுற்றியது. யாமினியைக் கூப்பிட்டேன்.