மலைவீட்டுக்கு ஒரு வழி

ஜூன் 4, செவ்வாய்

மழை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைத்தாயிற்று. மதியம் கஞ்சியும் பயறும்.

வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் ஏலியாம்மா சேச்சி என் மேசை முன்னால் வந்து உட்கார்ந்தார். நேற்று கருவாரக்குண்டு மலையில் ஆலிக்குட்டிக் காக்கா என்கிற பெரியவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். டாக்டர் அன்று காலையில்தான் அவருடைய வலிக்கான மார்ஃபின் அளவைக் கூட்டியிருந்தார். அது இங்கே சர்வரில் இருந்தது. சேச்சியின் சீட்டில் பழைய அளவு. டாக்டரின் போன் கிடைக்கவில்லை. சாயங்காலம் வரை அந்த மனிதர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாராம்.

"நான் கையைத்தான் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். உன் மிஷின்ல இருக்குறது என் போன்ல ஏன் தெரியமாட்டேங்குது, ஷம்லா?"

ஃபயர்வால் வெளியாரை விடாது என்றேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது. சேச்சி வெளியாளா?

ஜூன் 5

நெட்வொர்க் பொறுப்பு சுகதன் சாருடையது. நர்ஸுகளுக்குச் சர்வரைத் திறந்துவிடலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் எவனோ வெளியிலிருந்து நுழைந்து எல்லா நோயாளிகளின் விவரத்தையும் முடக்கிவிட்டான். "நாளைக்கு இங்கயும் அப்படி ஆச்சுன்னா ஐசியூவுக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவர் சொல்வதும் சரி. அதுதான் எரிச்சல்.

ஜூன் 7

சர்வரையே திறந்துவிட வேண்டாமே? ஃபயர்வாலில் ஒரே ஒரு போர்ட், ஒரு சின்னக் கதவு மாதிரி. அதற்குப் பின்னால், நடுவில் ஒரு சின்ன கம்ப்யூட்டர். வெளியிலிருந்து வருகிறவர் யார் என்று அது பார்க்கும். நம் நர்ஸ் என்றால் மட்டும் சர்வரிடம் அனுப்பி, மருந்தும் வலியும் குறிக்கிற பக்கத்தை மட்டும் வாங்கிக் கொடுக்கும்; அதில் எழுதவும் விடும். வேறு எதையும் தொட முடியாது.

படம் போட்டுக் காட்டினேன். சார் நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில், செஞ்சு பாரு என்றார்.

ஜூன் 10

ஆஸ்பத்திரிக்குள் அந்தப் பக்கம் திறக்கிறது. வாசலைத் தாண்டினால் சேச்சியின் போனில் வெள்ளைத் திரை.

ஜூன் 11

இன்றும் அதே. சேச்சி பழையபடி சீட்டோடு மலை ஏறினார்.

ஜூன் 12

சுகதன் சார் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சேச்சியின் போனிலிருந்து கேட்பது உள்ளே வந்து சேர்வதைக் காட்டினேன்.

"வர்றது இருக்கட்டும். பதில் எந்த லைன்ல போகுது?"

அடச்சே! நமக்கு இன்டர்நெட் லைன் இரண்டு. கேள்வி புது லைனில் வருகிறது. நான் நடுவில் வைத்த கம்ப்யூட்டரோ பதிலைப் பழைய லைனில் அனுப்பிக்கொண்டிருந்தது. சேச்சியின் போன் கேட்ட இடம் ஒன்று, பதில் வந்த இடம் ஒன்று — அது எப்படி ஏற்றுக்கொள்ளும்? வழியை மாற்றினேன். சேச்சியை வாசலுக்கு வெளியே அனுப்பினோம். மழையில் நின்று கையை ஆட்டினார்.

சார் என் பாலில்லாத கட்டன் சாயாவை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 13

மலையிலும் திறந்தது.

ஜூன் 27

மற்ற நர்ஸுகளையும் அந்த வழியில் சேர்த்துவிடச் சொன்னார் சுகதன் சார். அதைச் செய்துகொண்டிருந்தபோது மலையிலிருந்து போன். ஆலிக்குட்டிக் காக்கா போய்விட்டார். இந்த வாரம் மருந்தின் அளவு மாறிக்கொண்டே இருந்தது; மாறியதெல்லாம் உடனுக்குடன் சேச்சிக்குத் தெரிந்தது. மனைவி பீயாத்து பக்கத்தில் ஓதிக்கொண்டிருக்க, தூக்கத்திலேயே அடங்கிவிட்டாராம்.

"அவரு பக்கத்தை இங்கிருந்தே முடிச்சிட்டேன், ஷம்லா" என்றார் சேச்சி. "வலிங்குற இடத்துல, இல்லைன்னு போட்டேன்."